விக்கல்கரைக்கு ஒரு டிக்கெட்

இது ராசா வேட்டைக்குப் போன காலத்தில் நடந்ததல்ல. எல்லார் வீட்டிலும் மிக்சி வந்து, பாதி வீடுகளில் அது பழுதாகியும் போய்விட்ட காலத்தில் நடந்தது. ஆகையால் இதை நம்ப யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. அப்போது அந்தக் கரைக்குப் பெயர் கிடையாது. கரையில் நாலு ஊர் இருந்தது, நாலு ஊருக்கும் பெயர் இருந்தது: மீன்பிடிக்கிறவர்களின் சந்தியாகுபுரம், தையல் மிஷினும் வெளிநாட்டு விசாவுமாக வாழ்ந்த மரைக்காதோப்பு, உப்பு வாருகிறவர்களின் உப்பளத்தட்டு, பனையேறிகளின் கள்ளிவிளை. நாலையும் சேர்த்துச் சொல்ல மட்டும் ஒரு சொல் இல்லை. அதற்கான அவசியமும் வரவில்லை, ஏனென்றால் நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு செத்த திமிங்கிலம் நாலு ஊரும் சந்திக்கிற பொதுமணலில் வந்து ஒதுங்கியபோது, அதை யார் புதைப்பது என்ற வழக்கில் ஒவ்வொரு ஊரும் ஆள் அசந்த நேரம் பார்த்து வாலில் கயிறு கட்டி அடுத்த ஊர்ப் பக்கம் இழுத்துவிட, அது வடக்கும் தெற்குமாக ஒரு மாதம் பயணம் செய்து, கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாமல் நாலு ஊருக்கும் சமமாக நாறி முடிந்தது. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. வெளியூர்க்காரர்கள் அந்தக் கரையை 'அந்தப் பக்கம்' என்றார்கள். வானொலி அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை. பகல் ஒன்று இருபதுக்கு மீனவர்களுக்கான வானிலை சொல்லும்போது, வடக்கே ஒரு கலங்கரை விளக்கம் வரை வந்து நிற்கும், ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளும், பிறகு தெற்கே ஒரு துறைமுகத்திலிருந்து மறுபடி தொடங்கும். அந்த ஒரு மூச்சுக்குள்தான் நாலு ஊரும் குடியிருந்தன.

இது உறுத்திய ஒரே ஆள் சீனித்தாய். அவள் கடல்காரியே அல்ல. கடலைக் காலண்டரில் மட்டும் பார்க்கிற ஆத்திப்பட்டிக் கரிசலில் பிறந்து, வாரச்சந்தைக்குக் கருவாடு விற்க வந்த பெர்க்மான்ஸிடம் ஒரு கூறு நெத்திலி வாங்கி, மறுவாரம் ஒரு கூறு வாளை வாங்கி, மூன்றாம் வாரம் அவனையும் சேர்த்து வாங்கிக்கொண்டு சந்தியாகுபுரத்துக்கு வந்தவள். பொதுமணலில் பூவரச மரத்திலிருந்து மூன்றாவது இடம் அவளுடையது. இருபத்து மூன்று வருஷமாக அங்கேதான் சாக்கு விரித்துக் கருவாடு விற்றாள். மரக்கிளையில் ஒரு ரேடியோவைத் தொங்கவிட்டிருந்தாள். பெர்க்மான்ஸ் கடலுக்குப் போனவரைக்கும் ஒன்று இருபதுக்கு அவள் கவலை அவன் வள்ளத்தில் ஏறிப் போய், அவனோடு கரை திரும்பும். அந்த ஆடியில் அவன் முட்டி ஒத்துழைக்க மறுத்து, வள்ளம் கைமாறி, அவன் வீட்டோடு உட்கார்ந்துவிட்டான். இருபத்து மூன்று வருஷம் பழகிய கவலைக்கு ஏறிப்போக வள்ளம் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை ரேடியோ கலங்கரை விளக்கம் வரை வந்து மூச்சு எடுத்தபோது சீனித்தாய் மரக்கிளையை அண்ணாந்து பார்த்து, "இந்த நாலு ஊரு சனமும் உனக்கு என்னய்யா செஞ்சுச்சு?" என்றாள்.

அப்போதுதான் முதல் விக்கல் வந்தது.

பொதுமணலில் கரைவலை மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஏலத்தில் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை, பக்கத்து ஊர்க்காரன் காதில் விழக்கூடாதென்று தாடையை ஒரு வெட்டு வெட்டுவார்கள், அவ்வளவுதான். ஏலம் கூறுகிறவன் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கூடைச் சாளையை அவன் எடுத்து வைத்த அந்த நொடியில் நாலு ஊர்க்காரர்களும் ஒரே நேரத்தில் விக்கினார்கள், நூற்று நாற்பது தாடைகள் ஒரே நேரத்தில் வெட்டின, விதி விதிதான் என்று அவன் அந்தக் கூடையை நூற்று நாற்பது பேருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். ஆளுக்கு முக்கால் சாளை. அந்த முக்கால் சாளையைக் கையில் பிடித்தபடி அவர்கள் மறுபடி விக்கினார்கள், மறுபடி, மறுபடி, மொத்தம் பதினோரு தடவை. பிறகு ரேடியோவில் சோப்பு விளம்பரம் வந்தது, விக்கல் நின்றது.

உப்பளத்தில் பலகையோடு நின்றவர்கள் விக்கியிருந்தார்கள். பனை உச்சியில் இருந்தவர்கள் விக்கி, பாளையைப் பிடித்துப் பிழைத்திருந்தார்கள். ஆறு கடல்மைல் தள்ளிக் கிடந்த வள்ளங்களும் மொத்தமாக ஒரு குலுங்கு குலுங்கியிருந்தன. மரைக்காதோப்புக்கு ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது: "வாப்பா, இங்கத்த மணிக்கு சரியா பதினொண்ணு அம்பதுக்கு எனக்கு விக்கல் வந்துச்சு, கூட வேல பாக்குற கள்ளிவிளைக்காரனுக்கும் வந்துச்சு, இருவது வருஷத்துல இன்னைக்குத்தான் ரெண்டு பேரும் மொகத்துக்கு மொகம் பாத்துக்கிட்டோம்." லண்டன் ரயில் ஒன்றில் காலை எட்டு ஐம்பதுக்கு ஒருவன் பதினோரு தடவை விக்கினான், எதிரே இருந்த அம்மாள் தன் கைப்பையை மெல்ல நகர்த்திக்கொண்டாள்; அது நான்தான்.

மறுநாளும் ஒன்று இருபதுக்கு வந்தது. அதற்கு மறுநாளும்.

மூன்றாம் நாள் ஆச்சரியப்பட்டவர்கள் நாலாம் நாள் சாப்பாட்டு நேரத்தை மாற்றினார்கள். அந்தக் கரையில் மத்தியானச் சோறு இரண்டு மணிக்கு என்றானது. முடிவெட்டுகிறவர் ஒன்று பத்துக்குக் கத்தியை மடக்கி, பாதி மீசையோடு உட்கார்ந்திருப்பவரிடம், "செத்த பொறும், போய்ட்டு வந்துரட்டும்" என்பார். பள்ளிவாசலில் தொழுகை நேரத்தைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்கள், கோயிலில் திருமணப் பூசையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்கள், ஏனென்றால் ஒரு கல்யாணத்தில் 'சம்மதம்' என்பதற்குப் பதில் பெண் விக்கி, மாப்பிள்ளை விக்கி, சாட்சிகள் விக்கி, அது செல்லுமா செல்லாதா என்று ஆயருக்கு எழுதிக் கேட்க வேண்டியதாயிற்று. (செல்லும் என்று பதில் வந்தது.) பங்குச் சாமியாருக்கு விக்கல் வரவில்லை, சாமியார்கள் மாற்றலாகிப் போகிறவர்கள் என்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உப்பளத்தட்டு நாய் ஒன்றுக்கு வந்தது. அதன் தாய் எந்த ஊர் என்று விசாரித்து, அதற்கும் மரியாதை செய்தார்கள்.

யார் நினைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. விக்கல் என்றால் யாரோ நினைக்கிறார்கள். நினைக்கிற ஆளின் பெயரைச் சரியாகச் சொன்னால் விக்கல் அந்த நொடியே நின்றுவிடும். இதில் நாலு ஊருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆகவே நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பொதுமணலில் கூட்டம் போட்டு உட்கார்ந்தார்கள். ஒன்று இருபதுக்கு விக்கல் தொடங்கியதும் ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். மந்திரி பெயரைச் சொன்னார்கள், நிற்கவில்லை. அதில் யாருக்கும் வியப்பும் இல்லை. கலெக்டர், தாசில்தார், பழைய தாசில்தார். சந்தியாகப்பர் பெயரையும் தோப்பு தர்காவில் அடங்கிய அவுலியா பெயரையும் பயபக்தியோடு சொன்னார்கள். கப்பலேறிப் போய்க் கடிதமே போடாதவர்களின் பெயரை அவரவர் வீட்டுப் பெண்கள் சொன்னார்கள், சொல்லும்போது சிலர் அழுதார்கள், அழுகைக்கு நடுவிலும் விக்கினார்கள். கடைசியில் ஒருவர் தயங்கித் தயங்கி, "அந்தத் திமிங்கிலமா இருக்குமோ?" என்றார். பெயர் இல்லாததால் "ஏ திமிங்கிலமே!" என்று நாலு ஊரும் சேர்ந்து கடலைப் பார்த்துக் கூப்பிட்டது. அதுவும் இல்லை.

"எனக்கு ஒண்ணுதான் வெளங்கல" என்றார் தோப்புத் தையல்காரர் சேகனா லெப்பை, கழுத்தில் கிடந்த அளவு நாடாவை இழுத்துவிட்டபடி. "என்னைய நெனைக்க ஆள் இருக்கு. ஒங்களயும் எவனாவது நெனைப்பான். நாலு ஊரையும் சேத்து, ஒண்ணா, ஒரே நெனப்பா நெனைக்கிறதுன்னா... அப்பிடி ஒரு கிறுக்கன் எவன் இருக்கான்?"

"நம்மூர்ல அப்பிடி ஒருத்தனும் இல்லவே" என்றார் சந்தியாகுபுரத்து தொபியாஸ், வள்ளத்து எஞ்சின் மெக்கானிக், எந்தக் கூட்டத்திலும் நடு நாற்காலியில் உட்காரப் பிறந்தவர்.

"எங்கூர்லயும் இல்ல" என்று மற்ற மூன்று ஊரும் அவசரமாகச் சொன்னது.

பூவரச மரத்துக்கு மூன்றாவது இடத்தில் சீனித்தாய் கருவாட்டின் மேல் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு டாக்டர்கள் வந்தார்கள், நெஞ்சில் குழாய் வைத்தார்கள், விக்கலை எண்ணினார்கள், படிவத்தில் 'இடம்' என்ற கட்டத்துக்கு வந்து நின்றார்கள். நாலு ஊர்ப் பெயரும் கட்டத்துக்குள் அடங்கவில்லை. எந்தப் பெயரை முதலில் எழுதுவது என்று ஒரு சண்டை கிளம்பி, திமிங்கிலம் வரைக்கும் போய், பசி எடுத்த கம்பவுண்டர் யாரையும் கேட்காமல் 'விக்கல்கரை' என்று எழுதிவிட்டார். சிரித்தார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லிப் பார்த்தார்கள். அடுத்த மாதம் 'விக்கல்கரை டைலர்ஸ்' என்று லெப்பை போர்டு மாட்டினார். 'விக்கல்கரை வாலிபால் அணி' என்று நாலு ஊர்ப் பையன்களும் ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு போனார்கள். ஆட்டம் ஒன்று இருபதுக்கு வந்ததால் பதினோரு புள்ளிகளை வரிசையாக விட்டார்கள், தோற்று வந்தவர்களை மேளம் வைத்து வரவேற்றார்கள், தோல்வியும் பொதுவானதாக இருந்ததால் அது நன்றாகத்தான் இருந்தது. திமிங்கிலம் விஷயத்திலும் இப்போது நாலு ஊரும் 'அது எங்க திமிங்கிலம்' என்றது. பெயர் வைத்த கம்பவுண்டர் மட்டும் கடைசிவரை விக்கவில்லை.

பெயர் வந்தால் பின்னாலேயே சங்கம் வரும். 'விக்கல்கரை மக்கள் நலச் சங்கம்' வந்தது, தொபியாஸ் தலைவர், லெப்பை செயலாளர். சங்கம் வந்தால் யார் உள்ளே, யார் வெளியே என்று ஒரு கேள்வி வந்தே தீரும். அதற்கு அவர்களிடம் உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு அளவுகோல் இருந்தது. 'விக்குகிறவர் கரைக்காரர். பொதுமணலில் கடை போடும் இடம் கரைக்காரருக்கே' என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஒன்று பதினைந்துக்கு, மணலில் கடை போடுகிற இருபத்திரண்டு பேரையும் வரிசையாக உட்காரவைத்தார்கள்.

சீனித்தாய்க்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். எல்லோரும் குலுங்கும்போது அவள் நெஞ்சு மட்டும் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. ஒரு வாரமாக அடுப்படியில் பொட்டுக்கடலை மாவை வறட்டு வாயில் அள்ளிப் போட்டுப் பார்த்தாள், பச்சை மிளகாயைக் கடித்து மூச்சைப் பிடித்தாள், தலைகீழாகத் தொங்கினால் வருமென்று யாரோ சொல்ல, கட்டிலிலிருந்து தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தாள். பெர்க்மான்ஸ் வந்து பார்த்து, "என்னட்டி, தலமயிர் காயப்போடுதியா?" என்றான். வேறு வழியில்லாமல் அவள் வெறும் விக்கலைப் பழகிக்கொண்டாள். சத்தம் நன்றாகவே வந்தது.

ஒன்று இருபது. ரேடியோ மூச்சு எடுத்தது. இருபத்தோரு பேர் விக்கினார்கள். ஒரு இமை தட்டுகிற நேரம் கழித்து, தனியாக, தெளிவாக, சீனித்தாய் விக்கினாள்.

தொபியாஸ் அவளைப் பார்த்தார். "ஏ கருவாட்டுக்காரி, ஒன் விக்கல் பஸ்ஸ விட்டுட்டு பின்னால ஓடியாருதே."

"சளி, அண்ணே."

"இன்னொருக்கா விக்கு பாப்போம்."

இருபத்தோரு பேர் விக்கினார்கள். அவள் இந்தத் தடவை முந்திக்கொள்ளப் பார்த்து, ரொம்பவே முந்திவிட்டாள்.

மணல் முழுக்கச் சிரித்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவள் மாமியார் இன்னாசியம்மா, இருபத்து மூன்று வருஷமாகக் காத்திருந்த சந்தோஷத்தோடு, "நான் அன்னைக்கே சொன்னேம்லா? கருவாட்டத் தலையில வச்சாப்புல கடல்காரி ஆயிருவாளாக்கும்?" என்றாள்.

சீனித்தாய் புருஷனைப் பார்த்தாள். பெர்க்மான்ஸ் நொண்டிக்கொண்டே எழுந்தான். "அவ எம் பொஞ்சாதி, அவ இடத்த எவன்லே..." என்று தொடங்கினான், விக்கினான், "எவன்லே..." என்றான், மறுபடி விக்கினான். அந்தப் பேச்சை அவன் கடைசிவரை முடிக்கவில்லை. பதினோராவது விக்கல் முடிந்தபோது தீர்மானம் நிறைவேறியிருந்தது.

சீனித்தாய் சாக்கைச் சுருட்டினாள், ரேடியோவைக் கிளையிலிருந்து அவிழ்த்துப் புருஷன் கையில் கொடுத்தாள், மறுநாள் காலை எட்டேகால் பஸ்ஸில் ஆத்திப்பட்டிக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பஸ் கள்ளிவிளைத் திருப்பத்தில் திரும்பியது, கடல் மறைந்தது. கரையில் அத்தனை பேருக்கும் விக்கல் தொடங்கியது.

பதினொன்றோடு நிற்கவில்லை. எட்டே முக்காலுக்குத் தொடங்கியது பத்துக்கும் நிற்கவில்லை, பகலுக்கும் நிற்கவில்லை. கரிசல் ரோட்டில் ஒவ்வொரு கருவேல மரம் பின்னால் ஓடும்போதும் அந்தப் பாவிமகள் என்னதான் நினைத்துக்கொண்டு போனாளோ, கரையில் அதன் கணக்குக்கு விக்கினார்கள்: தேநீர் குவளைக்குள் நிற்கவில்லை, நூல் ஊசிக்குள் நுழையவில்லை, லெப்பை தைத்த சட்டைக்கு மூன்று கை வந்தது, பனையேறிகள் ஏறவே இல்லை, வலை போட்டவர்கள் குலுங்கிய குலுங்கலில் மீன்கள் அடுத்த மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. ஷார்ஜாவிலிருந்து, "என்ன நடக்குது அங்க?" என்று போன் வந்தது. கேட்டவனும் விக்கினான், பதில் சொன்னவனும் விக்கினான், இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. மந்திரியிலிருந்து திமிங்கிலம் வரை எல்லாப் பெயரையும் மறுபடி ஒரு சுற்றுச் சொன்னார்கள். இரண்டாம் நாள் கோபத்தில் ஒருவர் ஊரையே பெயர் சொல்லித் திட்டிப் பார்த்தார். பயனில்லை.

மூன்றாம் நாள் காலை இன்னாசியம்மா கட்டிலில் கிடந்து விக்கி விக்கி விலா நொந்து, யோசிக்கக்கூட இல்லாமல், இருபத்து மூன்று வருஷப் பழக்கத்தில் அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

"ஏட்டி சீனித்தாயி! ஒரு செம்பு தண்ணி கொண்டாட்டி!"

விக்கல் நின்றது.

தண்ணீர் வரவில்லை, கொண்டுவர ஆளும் இல்லை, விக்கல் மட்டும் நின்றுவிட்டது. இன்னாசியம்மா அசையாமல் கிடந்தாள். வீதியில் எல்லோரும் விக்குவது கேட்டது. அவள் எழுந்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல், "அட பாதகத்தி" என்றாள்.

அவள் அதை அரை நாள் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. வீட்டு வாசலில் அவள் மட்டும் விக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஊர் கூடிவிட்டது. "என்ன மாமி செஞ்சிய?" "என்ன மருந்து, பெத்தா?" லெப்பை முன்னால் வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, "பேர... சொல்லிருங்க... உம்மா" என்றார்.

இன்னாசியம்மா மகனைப் பார்த்தாள். ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு அவன் குலுங்கிக்கொண்டிருந்தான்.

"நாலு ஊரயும் சேத்து நெனைக்க ஒரு கிறுக்கன் எவன்னு கேட்டியல்லா?" என்றாள். "கிறுக்கன் இல்ல, கிறுக்கி. எங்க வீட்டுலதான் இருந்திருக்கா. தன்னைத் தானே நெனைச்சா எவளுக்கு விக்கல் வரும், சொல்லுங்க. சீனித்தாயி!"

பெர்க்மான்ஸ்தான் முதலில் சொன்னான். சொன்னதும் நின்றது, நின்ற பிறகும் இன்னும் நாலைந்து தடவை சொன்னான். லெப்பை சொன்னார். வீதி சொன்னது, அடுத்த வீதி சொன்னது, உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி சொன்னார்கள், கள்ளிவிளையில் மரத்துக்கு மரம் கைமாறிப் போனது அந்தப் பெயர், ஷார்ஜாவில் போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கட்டடம் முழுக்கச் சொன்னார்கள். தொபியாஸ் மட்டும் சொல்லவில்லை. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, தான் போட்ட தீர்மானத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு நாள் முழுக்கத் தன்னந்தனியாக விக்கினார். பிறகு யார் காதிலும் விழக்கூடாதென்று ஒரு வள்ளத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மைல் கடலுக்குள் போய், "சீனித்தாயி!" என்றார். காற்று கரை பார்த்து வீசிய நேரம் அது. நாலு ஊருக்கும் கேட்டது. அவர் திரும்பி வந்தபோது எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் இன்னாசியம்மா பூவரச மரத்திலிருந்து மூன்றாவது இடத்தில் ஒரு கவிழ்த்த கூடையை வைத்து, கூடைக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்து, அங்கே மோந்து பார்க்க வந்த அந்த மரியாதைக்குரிய நாயை, "போ அங்கிட்டு, ஆள் வருது" என்று விரட்டிக்கொண்டிருந்தாள்.

கரையில் எல்லோரும் அவள் பெயரைச் சொன்ன அதே மூன்றாம் நாள், ஆத்திப்பட்டியில் சீனித்தாய் அண்ணன் வீட்டு முற்றத்தில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பருப்பை வாயில் போடப் போனாள். கை பாதியில் நின்றது. நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். ஒருவரல்ல, ஒரு கூட்டமே. அவள் விக்கினாள். ஆத்திப்பட்டியில் கோழிகள் பறந்தன. மறுபடி விக்கினாள், மடியிலிருந்த கடலை முற்றம் முழுக்கச் சிதறியது.

அண்ணன் பெண்டாட்டி ஓடிவந்தாள். "ஆத்தாடி, என்ன தாயி இது? யாரோ நெனைக்காக போலிருக்கே!"

"யாரோ இல்ல மதினி" என்றாள் சீனித்தாய். மூன்று நாளாக வராத அழுகையும் விக்கலும் ஒன்றாக வந்தன. "அம்புட்டுப் பேரும்."

மாலை பஸ்ஸில் இடம் கிடைத்தது. கண்டக்டர் வந்து, "எங்கம்மா போகணும்?" என்றார். அவள் வாயைத் திறந்தாள், விக்கினாள். "எந்த ஊருன்னு சொல்லுங்க." விக்கினாள். கண்டக்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்த வழியில் ஓடுகிறவர், ஒன்று இருபது டிரிப்பில் பஸ்ஸே குலுங்குவதைப் பார்த்தவர். மிஷினில் அப்படி ஒரு நிறுத்தம் இல்லாததால், ஒரு பழைய டிக்கெட்டின் பின்பக்கத்தில் பேனாவால் 'விக்கல்கரை - 1' என்று எழுதி அவள் கையில் கொடுத்தார். அந்தப் பெயருக்குக் கிழிந்த முதல் டிக்கெட் அதுதான்.

பக்கத்தில் இருந்த பெரியவர் பொறுக்கமாட்டாமல் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "ஒரு மடக்கு குடிம்மா, நின்னுரும்."

சீனித்தாய் டிக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

"வேண்டாண்ணே" என்றாள், ஒரு விக்கலுக்கும் அடுத்த விக்கலுக்கும் நடுவில். "இருபத்தி மூணு வருசம் கழிச்சு வந்திருக்கு. ஊரு போய்ச் சேருற வரைக்கும் இருக்கட்டும்."